உறுப்பினர் பட்டியலும் உறுப்பினர் உரிமையும்

(ஆரியங்கோட்டில் சிறு ரப்பர் விவசாயிகளும் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். இதில் உள்ளவை ஆசிரியரின் சொந்தக் கருத்துகள்.)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் பார்வைக்குச் சிறியது. ரப்பரின் விலை, உரத்தின் விலை, கடன் வட்டி ஆகியவற்றைப் பற்றிப் பேசியிருந்தால் உங்களில் பலருக்கு அது கூடுதல் பயனுள்ளதாகத் தோன்றியிருக்கும். ஆயினும் அந்தப் பெரிய விஷயங்களை உங்கள் சங்கத்தின் பேரவைக்குள் கொண்டுவரும் வழி திறந்திருக்கிறதா, அடைபட்டிருக்கிறதா என்பது இந்தச் சிறிய பொருளைப் பொறுத்தே அமைகிறது. ஆகவே இதைத் தேர்ந்தெடுத்தேன்.

சங்கத்தின் அலுவலகத்தில் உறுப்பினர் பட்டியல் ஒன்று இருக்கிறது. பெயர், வீட்டு முகவரி, கைப்பேசி எண், மின்னஞ்சல் முகவரி ஆகியவை அதில் உள்ளன. அந்தப் பட்டியல் யாருடையது? ஓர் உறுப்பினர் மற்ற உறுப்பினர்களுக்கு ஒரு செய்தி தெரிவிக்க விரும்பினால், அதைப் பயன்படுத்த அவருக்குச் சட்டப்படி உரிமை உண்டா? இதுவே கேள்வி.

இக்கேள்வி எவ்வாறு எழுகிறது?

உதாரணமாக, முந்நூறு உறுப்பினர்கள் கொண்ட ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையொப்பமிட்டுக் கேட்டால் சிறப்புப் பேரவைக் கூட்டத்தைக் கூட்டியாக வேண்டும் என்று அதன் துணைவிதி கூறுவதாகக் கொள்வோம். அப்படியானால் அறுபது கையொப்பங்கள் தேவை. உங்கள் பகுதியை நினைத்துப் பாருங்கள். மலைச்சரிவுகளில் வீடுகள் சிதறிக் கிடக்கின்றன. அதிகாலையில் பால் வெட்டச் செல்பவர் முற்பகலில்தான் வீடு திரும்புகிறார். உறுப்பினர்களில் சிலர் வளைகுடா நாடுகளில் வேலை செய்கின்றனர். சிலர் எல்லைக்கு அப்பால் விளவங்கோடு வட்டத்தில் குடியிருக்கின்றனர். மற்ற உறுப்பினர்கள் யார் யார் என்றே அறியாத ஒருவர் இந்த அறுபது பேரை எங்கே தேடுவார்? துணைவிதி அளித்த உரிமை ஏட்டில் இருக்கும், நடைமுறையில் இராது.

நிர்வாகக் குழுவின் நிலை வேறு. பட்டியல் அதன் கையில் இருக்கிறது. தன் கருத்தைச் சங்கத்தின் செலவிலேயே ஒரு நாளில் எல்லா உறுப்பினர்களுக்கும் அது அனுப்பிவிடலாம். உடைமை ஒருவரிடமும் ஆட்சி வேறொருவரிடமும் பிரிந்து நிற்கும் நிலையைப் பற்றிப் பெர்ல், மீன்ஸ் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 1932ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதினர். பெரிய குழுக்களில் பொது நன்மைக்காகத் தனி ஒருவர் செலவும் சிரமமும் ஏற்க முன்வருவது அரிது என்பதை மான்கர் ஓல்சன் 1965இல் விளக்கினார். ஒன்றுகூடுவதற்கு ஆகும் செலவு உயர்ந்தால் ஒன்றுகூடல் நிகழாது. அது குறைந்தால் நிகழும். உறுப்பினர் பட்டியல் இந்தச் செலவை நிர்ணயிக்கும் கருவியாகும். ஆகவே இது வெறும் அலுவலக நடைமுறை பற்றிய விவகாரம் அன்று. ஜனநாயக நிர்வாகத்தின் அடிப்படைகளில் ஒன்று.

மூன்று தனி உரிமைகள்

இப்பொருளில் குழப்பம் நேர்வதற்குக் காரணம், மூன்று வேறு உரிமைகளை ஒன்றாகக் கருதுவதுதான். முதலாவது, பட்டியலைப் பார்வையிடும் உரிமை. இரண்டாவது, அதைப் படியெடுத்துத் தம்மிடம் வைத்துக்கொண்டு பயன்படுத்தும் உரிமை. மூன்றாவது, பட்டியல் அலுவலகத்திலேயே இருக்க, தம் செய்தியை மட்டும் சங்கத்தின் வழியாக உறுப்பினர்களிடம் சேர்ப்பிக்கும் உரிமை. முதலாவது இருந்தால் இரண்டாவதும் இருக்கும் என்று பொருளல்ல. இரண்டாவது இல்லாவிட்டாலும் மூன்றாவது இருக்கலாம். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு நம் சட்டங்களைப் பார்ப்போம்.

கம்பெனிச் சட்டம் காட்டும் வழி

2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 88ஆவது பிரிவின்படி ஒவ்வொரு கம்பெனியும் உறுப்பினர் பதிவேடு வைத்திருக்க வேண்டும். 94ஆவது பிரிவின்படி உறுப்பினர்கள் அதனை அலுவலக நேரத்தில் கட்டணமின்றிப் பார்வையிடலாம். மற்றவர்கள் கட்டணம் செலுத்திப் பார்வையிடலாம். அனுமதி மறுத்தால் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் வீதம், ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமுண்டு. பதிவேட்டின் படிவத்தில் மின்னஞ்சல் முகவரிக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆகவே, பதிவேட்டைப் பார்க்கும் உரிமை மின்னஞ்சல் முகவரியைப் பார்க்கும் உரிமையையும் உள்ளடக்கியதாக இருந்தது.

பின்னர் நிலைமை மாறியது. பதிவேட்டின் சில விவரங்களைப் பார்வைக்கு அளிக்காமல் விதிகளின் வாயிலாக விலக்கலாம் என 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வகை செய்தது. அதன்படி 2022 ஏப்ரல் 6ஆம் நாள் வெளியான திருத்த விதிகள் உறுப்பினரின் முகவரி, மின்னஞ்சல் முகவரி, தனி அடையாள எண், வருமான வரி நிரந்தரக் கணக்கு எண் ஆகிய நான்கையும் பார்வையிடுவதிலிருந்தும் படியெடுப்பதிலிருந்தும் விலக்கிவிட்டன. இன்று கம்பெனியின் பங்குதாரர் ஒருவர் சக பங்குதாரர்களின் பெயர்களையும் பங்குகளையும் அறியலாம். அவர்களுக்குக் கடிதம் எழுதத் தேவையான முகவரியைப் பதிவேட்டிலிருந்து பெற முடியாது.

அவ்வாறாயின் உறுப்பினரின் குரல் அடைபட்டுவிட்டதா? இல்லை. அதே சட்டத்தின் 111ஆவது பிரிவு மூன்றாவது உரிமையைக் காத்து நிற்கிறது. 100ஆவது பிரிவின்படி சிறப்புக் கூட்டம் கோரத் தகுதி பெற்ற உறுப்பினர்கள், அதாவது பங்கு மூலதனமுள்ள கம்பெனியில் வாக்குரிமையுள்ள மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கு உடையவர்கள், தாம் கொண்டுவர விரும்பும் தீர்மானத்தையும் அதுபற்றிய விளக்க அறிக்கையையும் எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்புமாறு கம்பெனியைக் கேட்கலாம். அதற்குரிய செலவை அவர்கள் முன்கூட்டியே செலுத்த வேண்டும். அவதூறான செய்திகளைப் பரப்பும் பொருட்டு இவ்வுரிமை துஷ்பிரயோகம் செய்யப்படுவதாக மத்திய அரசு ஆணையிட்டு அறிவித்தால் கம்பெனி அனுப்ப வேண்டியதில்லை. இது புதிய கருத்தன்று. 1956ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 188ஆவது பிரிவும் ஆயிரம் சொற்களுக்கு மிகாத அறிக்கையை இவ்வாறு சுற்றுக்கு விட இடமளித்தது.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். பத்தில் ஒரு பங்கினர் ஒன்றுசேர்ந்த பிறகுதான் இந்த வழி திறக்கும். அந்தப் பத்தில் ஒரு பங்கினரைக் கண்டுபிடிப்பதற்கே முகவரி தேவைப்படுகிறது. பெரிய நிறுவனங்கள் பல பங்குகளை வைத்திருக்கும் கம்பெனிகளில் இது கடினமன்று. சிறு உறுப்பினர்கள் மட்டுமே கொண்ட அமைப்புகளில் இது பெருந்தடையாகும்.

கூட்டுறவுச் சங்கங்களின் நிலை

1912ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் சட்டத்தையும் விதிகளையும் துணைவிதிகளையும் பதிவு செய்யப்பட்ட அலுவலகத்தில் இலவசமாகப் பார்வையிடத் திறந்து வைக்க வேண்டும் என்றது. கூட்டுறவு மாநிலங்களின் அதிகாரத்தில் அடங்கியதால், கேரளத்தில் 1969ஆம் ஆண்டுச் சட்டமும் தமிழ்நாட்டில் 1983ஆம் ஆண்டுச் சட்டமும் நடைமுறையில் உள்ளன. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலச் சீரமைப்பின்போது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆகையால் எல்லையின் இருபுறமும் ரப்பர் பயிரிடும் உறவினர்கள் இரு வேறு சட்டங்களுக்கு உட்பட்ட சங்கங்களில் உறுப்பினராக இருப்பதைக் காண்கிறோம். எல்லையின் இருபுறத்தாரும் ஒரே சங்கத்தில் சேர விரும்பினால், அது 2002ஆம் ஆண்டுப் பல மாநிலக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவாகலாம்.

இந்த வேறுபாடு உங்களுக்கு முக்கியமானது. 2011ஆம் ஆண்டின் 97ஆவது அரசியலமைப்புத் திருத்தம், கூட்டுறவுச் சங்கம் அமைப்பதை 19ஆவது விதியின் கீழ் அடிப்படை உரிமையாக்கியது. மேலும், உறுப்பினர் தம்முடன் சங்கம் நடத்தும் கொடுக்கல் வாங்கல் குறித்த ஏடுகள், தகவல்கள், கணக்குகள் ஆகியவற்றைப் பெறச் சட்டமன்றங்கள் வகை செய்யலாம் என்று புதிய பகுதியொன்றில் கூறியது. ஆனால் மாநிலச் சட்டமன்றங்களில் பாதியின் ஒப்புதல் பெறப்படாததால், அந்தப் பகுதி மாநிலத்துக்குள் இயங்கும் சங்கங்களுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜூலை 20ஆம் நாள் தீர்ப்பளித்தது. பல மாநிலச் சங்கங்களைப் பொறுத்தவரை அது நிலைத்து நிற்கிறது. 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பல மாநிலச் சங்கங்களுக்குத் தேர்தல் ஆணையத்தையும், குறைதீர்ப்பாளரையும், சங்கந்தோறும் தகவல் அலுவலரையும் ஏற்படுத்தியது. மாநிலச் சங்கத்தின் உறுப்பினர் தம் மாநிலச் சட்டத்தையும் தம் சங்கத்தின் துணைவிதியையுமே முதன்மையாக நம்பியிருக்க வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவாதா என்று சிலர் கேட்கக்கூடும். இக்கேள்விக்கு விடை தந்த வழக்கு கேரளத்திலிருந்தே சென்றது. கோட்டயம் மாவட்டத்துத் தலப்பலம் சேவைக் கூட்டுறவு வங்கியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபர் 7ஆம் நாள் தீர்ப்பு வழங்கியது. அரசின் கணிசமான நிதியுதவியோ ஆழ்ந்த கட்டுப்பாடோ இல்லாத கூட்டுறவுச் சங்கம் அச்சட்டத்தின் கீழ் பொது அதிகார அமைப்பு ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். கூட்டுறவுப் பதிவாளர் பொது அதிகார அமைப்பே. சட்டப்படி தாம் சங்கத்திடமிருந்து பெறத்தக்க தகவலை அவர் பெற்று அளிக்கலாம். ஆயினும் தனிநபரின் அந்தரங்கத்தைக் காக்கும் விதிவிலக்குகள் அப்போதும் பொருந்தும். அந்த வழக்கின் தொடக்கமே சில உறுப்பினர்களின் வங்கிக் கணக்கு விவரங்களைக் கேட்டதுதான் என்பது கவனிக்கத்தக்கது.

ரப்பர் வாரியம் 1986ஆம் ஆண்டு முதல் ஊக்குவித்து வரும் ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்கள் கூட்டுறவுச் சங்கங்கள் அல்ல. இப்பகுதியில் அவை 1955ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் - கொச்சி இலக்கிய, விஞ்ஞான, அறநிலையச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவாகின்றன. இத்தகைய சங்கங்களில் உறுப்பினர் உரிமை பெரும்பாலும் சங்கம் தானே இயற்றிக்கொண்ட விதிகளில்தான் இருக்கிறது. விதி மௌனமாக இருந்தால் செயலாளரின் விருப்பமே விதியாகிவிடும்.

அந்தரங்கம் என்னும் மறுபக்கம்

இதுவரை கேட்பவரின் பக்கத்தைப் பார்த்தோம். பட்டியலில் பெயர் உள்ளவரின் பக்கமும் ஒன்று உண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம் 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் தீர்ப்பளித்தது. அதன் பின் 2023ஆம் ஆண்டில் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருமாறு கால வரிசை அமைக்கப்பட்டுள்ளது. எந்த நோக்கத்துக்காக ஒருவரிடமிருந்து தகவல் பெறப்பட்டதோ, அந்த நோக்கத்துக்கே அதைப் பயன்படுத்த வேண்டும் என்பது அச்சட்டத்தின் உயிர்நாடி. தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமுள்ளது. சிறு சங்கங்களுக்கு அவ்வளவு தொகை விதிக்கப்படும் என்று நான் சொல்லவில்லை. சட்டம் இதை எவ்வளவு முக்கியமாகக் கருதுகிறது என்பதற்காகவே குறிப்பிட்டேன்.

இந்த இரு பக்கங்களையும் நான் சொந்த அனுபவத்தில் கண்டிருக்கிறேன். நகரமொன்றில் வீட்டுவசதிச் சங்கமொன்றில் நான் உறுப்பினராக இருந்தபோது பராமரிப்புக் கட்டணம் திடீரென உயர்த்தப்பட்டது. கணக்கைக் காட்ட வேண்டும் என்று மற்ற உறுப்பினர்களுக்கு எழுத விரும்பி மின்னஞ்சல் பட்டியலைக் கேட்டேன். பட்டியல் இரகசியமானது என்று மறுத்தனர். அன்று மாலையே கட்டண உயர்வை நியாயப்படுத்தி நிர்வாகக் குழுவின் நீண்ட கடிதம் அதே பட்டியல் வழியாக எல்லோருக்கும் வந்தது. கோபமடைந்த நான் நண்பர் ஒருவரிடமிருந்து பழைய பட்டியலைப் பெற்று எல்லோருக்கும் எழுதினேன். மறுநாள் ஒரு மூதாட்டி என்னை அழைத்து, "தம்பி, என் முகவரியை உங்களுக்கு யார் கொடுத்தது? நான் தனியாக இருப்பவள்" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல இயலவில்லை. என் நோக்கம் நேர்மையானதுதான். ஆனால் அதே பட்டியல் நேர்மையற்ற ஒருவர் கையிலும் கிடைத்திருக்கலாம் என்பதை அந்த ஒரு கேள்வி உணர்த்திவிட்டது.

பின்னர் நான் ஒரு பக்கக் கடிதம் எழுதி, சங்கமே அதை அனுப்ப வேண்டும் என்று கோரினேன். சிறிது தயக்கத்துக்குப் பின் அனுப்பினர். பேரவை கூடியது. கட்டணத்தைக் குறைக்கும் தீர்மானம் தோற்றது. ஆனால் செலவுக் கணக்கு எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்பப்பட்டது. அதைப் படித்தபின் உயர்வில் பெரும்பகுதி அவசியமானதே என்று நானும் ஒப்புக்கொண்டேன். வெற்றி தோல்வியைவிட, எல்லோரும் ஒரே கணக்கைப் பார்த்து முடிவு செய்தனர் என்பதே முக்கியம்.

பிற நாடுகளின் அனுபவம்

இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் பதிவேட்டைக் கேட்பவர் தம் நோக்கத்தை எழுதித் தர வேண்டும் என்கிறது. கம்பெனி ஐந்து வேலை நாள்களுக்குள் தகவலைத் தர வேண்டும். நோக்கம் முறையற்றது என்று கருதினால் அதே காலத்துக்குள் நீதிமன்றத்தை அணுக வேண்டும். மறுப்பதற்கான பொறுப்பு நிர்வாகத்தின் மேல் சுமத்தப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சட்டம் இலாப நோக்கமற்ற உறுப்பினர் அமைப்புகளின் பட்டியலை அமைப்பின் சொத்தாகக் கருதுகிறது. உறுப்பினர் என்ற முறையிலான நலனுக்கு அப்பாற்பட்டு அதைப் பயன்படுத்தக் கூடாது. பட்டியலைத் தராமலேயே உறுப்பினரின் நோக்கத்தை நிறைவேற்றும் மாற்று வழியை அமைப்பு பத்து வேலை நாள்களுக்குள் முன்வைக்கலாம். 2010ஆம் ஆண்டில் வேர்ல்டுமார்க் என்ற விடுமுறை இல்லக் கழகத்தின் வழக்கு அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் வந்தது. துணைவிதியைத் திருத்தக் கோரும் மனுவைச் சுற்றுக்கு விட உறுப்பினர் ஒருவர் மின்னஞ்சல் முகவரிகளைக் கேட்டார். உறுப்பினரின் செலவில் தபாலில் அனுப்புவதாகக் கழகம் கூறியது. இலட்சக்கணக்கான உறுப்பினர்களுக்குத் தபால் என்பது தனி ஒருவரால் தாங்க இயலாத செலவு. கழகம் தானே மின்னஞ்சலைப் பயன்படுத்தி வந்த நிலையில், அம்மாற்று வழியை நீதிமன்றம் ஏற்கவில்லை. மின்னஞ்சல் முகவரிகளைத் தர வேண்டும் என்ற முடிவையே உறுதி செய்தது. மாற்று வழி பெயரளவில் இருந்தால் போதாது, உறுப்பினர் கைக்கு எட்டுவதாக இருக்க வேண்டும் என்பதே நாம் இதிலிருந்து கொள்ளத்தக்க பாடம்.

நாம் செய்யத்தக்கவை

சட்டம் முழுமையாக வகுக்காத இடத்தைத் துணைவிதி நிரப்பலாம். அதற்காகச் சில யோசனைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவதாக, உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியல் அலுவலக நேரத்தில் எந்த உறுப்பினரும் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். தன்னுடன் உறுப்பினர் யார் என்பதே தெரியாத சங்கம் சங்கமாகாது.

இரண்டாவதாக, உறுப்பினர் சேர்க்கைப் படிவத்திலேயே ஒரு கேள்வி சேர்க்கப்படட்டும்: பேரவை தொடர்பான செய்திகளுக்காக உங்கள் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சல் முகவரியையும் சக உறுப்பினருக்குத் தரலாமா? சம்மதித்தவர்களின் விவரத்தை மட்டும் கேட்பவருக்குத் தரலாம். சம்மதத்தைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். பழைய உறுப்பினர்களிடமும் அடுத்த பேரவையில் இதைக் கேட்டுப் பெறலாம்.

மூன்றாவதாக, சம்மதிக்காதவர்களுக்கும் செய்தி சென்றடைய வேண்டும். உறுப்பினர் எவரும் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தரும் செய்தியைச் சங்கம் ஏழு நாள்களுக்குள் எல்லோருக்கும் அனுப்பட்டும். இதற்குப் பத்தில் ஒரு பங்கினரின் ஆதரவு வேண்டியதில்லை. ஓர் உறுப்பினர் ஆண்டுக்கு இருமுறை என்று வரையறுத்தால் போதும். மின்னஞ்சலுக்குச் செலவு இல்லை. தபாலில் அனுப்ப வேண்டியவற்றுக்கான அஞ்சல் செலவை மட்டும் கேட்பவர் ஏற்கலாம். செய்தி மலையாளத்திலும் தமிழிலும் இருக்குமானால் இப்பகுதிக்கு ஏற்றதாக இருக்கும்.

நான்காவதாக, வியாபார விளம்பரம், சீட்டுக்கு ஆள் சேர்த்தல், கட்சிப் பிரசாரம், அவதூறு ஆகியவற்றுக்கு இந்த வழி மூடப்பட்டிருக்க வேண்டும். மறுப்பதாயின் காரணத்தைக் குழு எழுத்தில் தர வேண்டும். அந்த மறுப்பு அடுத்த பேரவையின் முன் வைக்கப்பட வேண்டும்.

ஐந்தாவதாக, தேர்தல் காலத்தில் குழுவும் போட்டியிடுவோரும் சமமாக நடத்தப்பட வேண்டும். பதவியில் உள்ளோர் சங்கத்தின் பட்டியல் வழியாகத் தம் சாதனைகளை எடுத்துரைப்பாராயின், எதிர்த்து நிற்பவரின் அறிக்கையும் அதே வழியில் செல்லட்டும்.

முடிவாக ஒன்று. நிர்வாகக் குழுவினரை எதிரிகளாகக் கருதி நான் இவற்றைக் கூறவில்லை. நேர்மையான குழுவுக்கு இவ்வழி ஒரு பாதுகாப்பேயாகும். பேசுவதற்கு முறையான வழி இல்லாத இடத்தில் வதந்தி உலவும். வதந்திக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. இன்று குழுவில் இருப்பவர் நாளை சாதாரண உறுப்பினராவார். அன்று அவருக்கும் இந்த வழி தேவைப்படும்.

உங்கள் சங்கத்தின் துணைவிதிப் புத்தகத்தை இன்று வீட்டுக்குச் சென்றதும் எடுத்துப் பாருங்கள். உறுப்பினர் பட்டியலைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். ஒன்றும் எழுதப்படவில்லை என்றால், அடுத்த பேரவையின் நிகழ்ச்சி நிரலில் அதை முதற்பொருளாகச் சேர்க்குமாறு செயலாளருக்கு இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள்.